பதிமூன்றாவது வரி

ஃப்ரீசர் பெட்டியின் ஒயரைச் செருக இடமில்லாமல் அருண் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கப் போனபோதுதான் பவுலின் உள்ளே வந்தாள்.

"அத புடுங்காதடா. சமையக்கட்லேர்ந்து இழு."

ஆறு வருடம் கழித்து இந்தத் திண்டிவனம் வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு அது. அருண் அக்காவை ஒரு முறை பார்த்துவிட்டு, சொன்னபடி செய்தான். பெட்டிக்குள் அப்பா ராயப்பன் படுத்திருந்தார். விடியற்காலை பல் தேய்க்கும்போது விழுந்தவர்தான். விழுப்புரத்திலிருந்து அவளைப் பைக்கில் அழைத்து வந்த கணவன் சித்தார்த்தனை யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் தெருமுனை டீக்கடையிலேயே நின்றுவிட்டான்.

அம்மா ஞானமேரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பவுலினுக்கு அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஃப்ளெக்ஸ்காரரு போட்டோ கேக்கறாருக்கா. நாலு மணிக்குக் கோயிலுக்கு எடுக்கணும்" என்றான் அருண். "எலெக்‌ஷன் கார்டு போட்டோதான் இருக்குது. அதுல திருடனாட்டம் இருக்காரு. மத்ததுல எல்லாம் அவரே எடுத்துக்கினு இருந்தாரு, எதுலயும் ஆளே இல்ல."

"என் பட்டமளிப்பு அன்னிக்கி எடுத்தது?"

அருண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தான். இருவருக்கும் தெரிந்ததுதான். அவள் சித்தார்த்தனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட சேதி வந்த வெள்ளிக்கிழமை, அப்பா இதே நாற்காலியில் உட்கார்ந்து, 'பவுலின்' என்ற ஃபோல்டரை எல்லார் முன்னாலும் அழித்தார். குழந்தையிலிருந்து அவளை எடுத்த அத்தனை படமும் அதில்தான் இருந்தன. மாற்றுத் துணிகூட இல்லாமல் போனவளிடம் வேறு படம் ஏது?

பேக்கப் டிஸ்க் ஒன்று உண்டு. அதில் எல்லாவற்றையும் தானாக நகலெடுக்கும் சின்ன நிரலை, ஸ்கிரிப்டை, எழுதியவளே பவுலின்தான். அருண் சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய படங்கள் பழைய கம்ப்யூட்டரோடு போன பிறகு, கல்லூரி விடுமுறையில் உட்கார்ந்து பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். ஞாயிறுதோறும் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் டிஸ்க்குக்குப் போகும். கம்ப்யூட்டரில் அழித்தது டிஸ்க்கிலும் அழியும்.

"தப்பா எதனா அழிச்சிட்டா?" என்று அன்று அப்பா கேட்டார்.

"வீட்ல இல்லாதது டிஸ்க்ல எதுக்குப்பா?" என்று இவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் ஆறு வருடமாகத் தண்டனை. வெள்ளிக்கிழமை அப்பா அழித்தார், ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கிரிப்டே மிச்சத்தை அழித்திருக்கும் என்று விழுப்புரத்தில் படுத்துக்கொண்டு எத்தனை முறை நினைத்திருப்பாள்! ஆனாலும் இன்று, ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. மேசை இழுப்பறையிலிருந்து டிஸ்க்கை எடுத்துச் செருகினாள்.

'பவுலின்' இருந்தது. ஆயிரத்து நானூறு படங்கள்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டு வரிக்குப் பதில் பதிமூன்று இருந்தது. டிஸ்க்கில் இந்த ஒரு ஃபோல்டரை மட்டும் தொடாதே என்று சொல்லும் வரி. அவள் எழுதாதது. கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதி, அவர் அழித்ததற்கு மறுநாள், சனிக்கிழமை.

"அம்மா, இது உனக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்தா கம்ப்யூட்டராண்டதான் குந்திக்கினு இருப்பாரு. கறுப்பா ஒரு கட்டம் வந்து எழுத்தெழுத்தா ஓடும். அது மூடுற வரைக்கும் காபிகூட குடிக்க மாட்டாரு."

பவுலினுக்குக் கோபம் வந்தது. போனை எடுத்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர், யாரையும் கேட்காமல் இதை எங்கேயோ தேடிக் கற்றுக்கொண்டிருக்கிறார். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கறுப்பு அங்கியில் அவள் அப்பாவின் தோளில் கை போட்டு நிற்கும் படம் திரையில் இருந்தது. அவர் வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

படத்தை அனுப்பியதும் ஃப்ளெக்ஸ் கடை கோகுலகிருஷ்ணன் போன் செய்தார். "பக்கத்துல ஒரு பொண்ணு இருக்குதே, எடுத்துடட்டா தம்பி?"

அருண் போனைக் கையால் மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"எடுத்துட சொல்லு. அப்பா மட்டும் போதும்."

இரண்டு மணிக்கு ஃப்ளெக்ஸ் வந்தது. தெருமுனையில் அருண் அதைப் பிரித்தான். பவுலினும் கூட வந்திருந்தாள். அவசரத்தில் வெட்டியிருந்தார்கள். அப்பாவின் இடது தோளில், யாருடையது என்று தெரியாமல், நான்கு விரல்கள் மிச்சம் இருந்தன.

"கை வந்துடுச்சிக்கா. மாத்தி அடிக்க டைம் இல்ல."

அருண் ஒரு பக்கக் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிவிட்டு, டீக்கடைப் பக்கம் திரும்பினான்.

"மாமா, இந்தப் பக்கம் செத்த புடிங்க."

சித்தார்த்தன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.