இடது மட்கார்டு

அந்தப் பட்டறையில் கஷ்டமான சேதி எதுவானாலும் ஹார்டனர் ஊற்றிய பிறகுதான் சொல்லப்படும். அது அவள் கண்டுபிடித்த வழி. ரெசின் வாளியில், அதை இறுக வைக்கும் ஹார்டனர் விழுந்துவிட்டால் இருபது நிமிஷம்தான். அதற்குள் ஃபைபர் பாயை அச்சின் மேல் விரித்து, ரெசினைத் தடவி, உருளையை ஓட்டி உள்ளே நிற்கும் காற்றை விரட்டியாக வேண்டும். தாமதித்தால் வாளியோடு சூடேறிக் கல்லாகிவிடும். அந்த இருபது நிமிஷம் அவள் வீட்டுக்காரரால் எழுந்து போக முடியாது, மேஜையைத் தட்ட முடியாது, கையில் இருப்பதை விட்டெறியவும் முடியாது. மகள் வெளியூர்க் கல்லூரிக்கு மனுப் போட்டது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வெடித்தது, நாத்தனார் குடும்பத்தோடு ஒரு மாதம் தங்க வருவது எல்லாம் அப்படித்தான் அவர் காதுக்குப் போயின. திட்டிக்கொண்டே உருட்டுவார். உருட்டி முடிக்கும்போது கோபமும் முடிந்திருக்கும்.

ஒரே ஒரு சேதி மட்டும் பதினெட்டு வருஷமாக எந்த வாளியிலும் அகப்படாமல் தப்பித்து வந்தது.

அவர்களுக்குத் தொழில், பழைய கார்களுக்கு ஃபைபரில் உடம்பு செய்வது. முக்கியமாக ஒரே ஒரு வண்டிக்கு. முதுகு உருண்டு, கண் பிதுங்கி நிற்கும் அந்தச் சின்னக் காரைப் பிரியமானவர்கள் ‘குண்டு’ என்பார்கள். அதைச் செய்த கம்பெனி மூடி எத்தனையோ காலமாகிறது. தகரம் துருப்பிடித்து உதிர்ந்தால் மாற்று கிடையாது. அப்போது வண்டிக்காரர்கள் தேடி வருவது இவரிடம்தான். மட்கார்டு, கதவு, டிக்கி மூடி எது கேட்டாலும் அச்சில் வார்த்துக் கொடுப்பார். “ஒரு நூல் பிசகாது” என்பார் வாய்க்கு வாய். அதனாலேயே நூல் மேஸ்திரி என்று பெயராகிவிட்டது. பெருமையில் கொஞ்சம் மிதப்பவர்தான், ஆனால் வேலை சுத்தம். அதை அவருக்கு ஆகாதவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

அச்சு அத்தனையும் எடுத்தது அவருடைய சொந்தக் குண்டு வண்டியிலிருந்து. கல்யாணமாகி எட்டாவது மாதம், வண்டியைச் சுரண்டி, சாம்பல் நிற பிரைமர் அடித்து, அச்செடுக்கத் தயாராக நிறுத்திவிட்டு, ரெசின் வாங்க இரண்டு நாள் வெளியூர் போனார். போகும்போது, “இது மேல ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வயதில் அவர் கோபம் அப்படி. அக்காவுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன் என்று அவள் தம்பி அன்று மத்தியானமே சாவியை எடுத்தான். மூன்றாவது நிமிஷம் வண்டி வாசல் கேட் தூணில் போய் இடித்து நின்றது. இடது மட்கார்டில், ஹெட்லைட்டுக்குக் கீழே, ஒரு குழி.

தம்பி உள்ளேயிருந்து தட்டி நிமிர்த்தினான். மிச்சக் குழியில் அவள் பட்டி அப்பினாள். காய்ந்ததும், உடைந்த நாற்காலியின் கைப்பிடித் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி ஒரு ராத்திரி முழுக்கத் தேய்த்து, மேலே பிரைமர் அடித்தாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வளைவான இடத்தை மட்டமான கட்டையால் தேய்த்தால் வளைவு செத்துவிடும் என்பது இன்று அந்தப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். அன்று அவளுக்குத் தெரியாது. ஊரிலிருந்து திரும்பியவர் அந்த வாரமே அச்செடுத்தார். எடுத்த பிறகுதான் அவர் கைக்கு அது தட்டுப்பட்டது. இடது மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒரு மட்டம்.

அப்போது சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். ஆனால் அந்த மனிதர் சந்தேகப்படவே இல்லை. தன் வண்டியில் பிசகு இருக்க முடியாது, ஆகவே அது டிசைன். வருகிறவர்களுக்கெல்லாம் தடவிக் காட்ட ஆரம்பித்தார்.

“கையை வச்சுப் பாருங்க சார். மட்டமா இருக்கா? காத்து வந்து முட்டுற இடம். இங்க கொஞ்சம் படுக்க விட்டாத்தான் வழுக்கிக்கிட்டுப் போகும். வண்டியை வரைஞ்சவன் சாதாரண ஆள் இல்ல.”

“அப்போ வலது பக்கம் ஏன் இல்ல?” என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் இருந்தது. “டிரைவர் ஒரு பக்கம்தானே உக்கார்றான்? அந்தக் கனத்துக்கு ஈடு வேண்டாமா?”

கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். பக்கத்தில் நிற்கும் அவள் தலையாட்டுவாள். கூடவே வேலை பார்க்கும் தம்பி உருளையைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். “அக்கா, எனக்கு ஒரு டீ” என்பான் பிறகு. பதினெட்டு வருஷத்தில் அந்த ரகசியத்துக்காக அவன் குடித்த டீயில் ஒரு வண்டியையே கழுவலாம்.

போன வியாழக்கிழமை ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். ரிட்டையர் ஆனவர், குரல் உயராதவர், குண்டு வண்டிச் சங்கத்தில் புது உறுப்பினர். ஆட்டோவின் பின் சீட்டில் குழந்தையைப் படுக்க வைத்ததுபோல ஒரு பொட்டலம். பிரித்தால் பழுப்புத் தாள், தாளுக்குள் கிரீஸ், கிரீஸுக்குள் ஒரு இடது மட்கார்டு. வண்டியில் ஒரு நாளும் ஏறாதது.

“எங்கண்ணன் அந்தக் கம்பெனி குடோன்ல வேலை பாத்தாரு. கம்பெனியை மூடுறப்போ இதைக் குடுத்தாங்களாம். சாகுற வரைக்கும் கட்டிலுக்கு அடியிலயே வச்சிருந்தாரு” என்றார் வாத்தியார். “இதை ரோட்டுல ஓட்ட மனசு வரல. இதைப் பாத்து ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. அதை மாட்டிக்கிறேன்.”

மேஸ்திரி துணியால் கிரீஸைத் துடைத்தார். கை வழக்கமான இடத்துக்குப் போனது. நின்றது. மறுபடி தடவினார். அங்கே மட்டம் இல்லை. ஹெட்லைட்டிலிருந்து கீழே வரை நல்ல உருண்டை.

வாத்தியார் போகும்வரை பொறுத்திருந்து, “டூப்ளிகேட்” என்றார். “பாவம், அண்ணனை யாரோ நல்லா ஏமாத்தியிருக்கான். ஞாயித்துக்கிழமை சங்கத்து ஆளுங்க எல்லாரும் இங்கதானே கூடுறாங்க? எல்லார் முன்னாலயும் வச்சே காட்டுறேன். இல்லேன்னா இன்னும் நாலு பேர் ஏமாறுவாங்க.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் யார் என்ன சொல்வது? அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் கட்டிலுக்கடியில் காத்து வைத்த ஒன்றைப் போலி என்று நாற்பது பேர் முன்னால் சொன்னால் அந்த வாத்தியார் எப்படி வீடு போய்ச் சேருவார்? அது ஒரு பக்கம். நாற்பது பேரில் ஒருவர் இன்னொரு பழைய மட்கார்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், நூல் மேஸ்திரி என்ற பெயர் அன்றோடு சரி. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அந்த மனிதரின் காது மடல் சிவப்பதை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். அந்தப் பெயருக்கு ஒன்று ஆவதை அவளால் தாங்க முடியாது.

“பேசாம இருந்துடுக்கா. வாத்தியார் நல்லவரு, மறந்துடுவாரு” என்றான் தம்பி.

“உனக்கு டீ நின்னுடுமேன்னு கவலை.”

“அதுவும் இருக்கு” என்றான் அவன்.

சனிக்கிழமை காலை ஒரு டிக்கி மூடி வார்க்க வேண்டியிருந்தது. வாளியில் ரெசின். அவள் ஹார்டனரை அளந்து ஊற்றிக் கலக்கினாள். அவர் முதல் பாயை விரித்து, பிரஷ்ஷைத் தோய்க்கும் வரை காத்திருந்தாள்.

“என்னங்க, வாத்தியார் மட்கார்டு டூப்ளிகேட் இல்ல.”

“ஆரம்பிச்சுட்டியா?” என்றார் அவர். ஹார்டனருக்குப் பின்னால் என்னவோ வரும் என்று அவருக்கும் இத்தனை வருஷத்தில் தெரியும்.

“நம்மளுதுதான் தப்பு.”

பிரஷ் நின்றது.

“தடவுங்க, இறுகிடும்.”

அவர் தடவினார். அவள் ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்த மரத்துண்டை உருவி எடுத்தாள். நாற்காலிக் கைப்பிடி. அவர் கண்ணெதிரிலேயே பதினெட்டு வருஷமாக ஜன்னலைத் தாங்கிய துண்டு. அதை வாத்தியாரின் மட்கார்டில் ஹெட்லைட்டுக்குக் கீழே வைத்தாள். துண்டு இரண்டு பக்கமும் ஆடியது. பிறகு, பக்கத்தில் சாய்த்திருந்த அவர்கள் மட்கார்டில் அதே இடத்தில் வைத்தாள். ஆடவில்லை. அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

அவர் பார்த்தார். அவள் சொல்லச் சொல்லக் கை தானாக வேலை செய்தது. தூண், தம்பி, பட்டி, உப்புத்தாள், பிரைமர். ஒன்றையும் விடவில்லை. தம்பி சத்தமில்லாமல் பின் வாசல் வழியாகக் கழன்றுகொண்டான்.

“நான் காத்துக் கதை சொல்றப்பெல்லாம் பக்கத்துல நின்னு தலையாட்டினியே?” என்றார் கடைசியில்.

“நீங்க சொல்றப்போ கேக்க நல்லா இருந்துச்சு. பாதி நாள் எனக்கே அதுதான் நெசம்னு தோணும்.”

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“அன்னைக்கு எனக்கு உங்களைப் பாத்தா பயம்ங்க.”

அதற்கு அவர் திட்டவில்லை. ரெசின் இறுகத் தொடங்கிய பிறகும் ஒரே இடத்தில் உருளையை ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து போனார். சாப்பிடும்போதும் பேச்சில்லை. சாயங்காலம் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

ஞாயிறு காலை அவள் போய்ப் பார்த்தபோது வாத்தியாரின் மட்கார்டு மேஜை நடுவில் இருந்தது. ஏழெட்டுத் தடவை மெழுகு தேய்த்து, அச்சுக்கான முதல் பூச்சும் பூசி, தொட்டால் விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் இருந்தது. அந்த மட்கார்டிலேயே புது அச்சு எடுக்கப் போகிறார் என்று புரிந்தது. வாத்தியார் பிழைத்தார். தன் கதி என்ன என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்கு வாசலில் பதினைந்து குண்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பதினைந்தில் பதினொன்றுக்கு ஹெட்லைட்டுக்குக் கீழே அவளுடைய நாற்காலிக் கைப்பிடி போட்ட மட்டம். வெயிலில் அது பளிச்சென்று தெரிந்தது. இத்தனை நாள் இதை எப்படி எல்லாரும் டிசைன் என்று நம்பினார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆண்களும் பெண்களுமாக நாற்பது பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். வாத்தியார் முன்வரிசையில், சலவைச் சட்டையில்.

“நீ உருட்டு” என்றார் மேஸ்திரி அவளிடம். நேற்றைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். அவரே ஹார்டனரை அளந்து ஊற்றினார், கலக்கினார், வாளியை அவள் பக்கம் தள்ளினார். அவள் முதல் பாயை விரித்து, ரெசின் தடவி, உருளையை எடுத்தாள். அப்போதுதான் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

அவளுக்குத் திக்கென்றது. வாளியில் ஹார்டனர் விழுந்தாகிவிட்டது. இருபது நிமிஷத்துக்கு அவளால் எங்கேயும் போக முடியாது.

“வாத்தியார் கொண்டு வந்ததுதான் அசல்” என்றார் அவர். “உங்க வண்டியில நான் மாட்டி விட்டது தப்பு. அந்த மட்டம் டிசைன் இல்ல. காத்துன்னு நான் சொன்னது பூரா கப்ஸா. வேணுங்கிறவங்களுக்கு இந்தப் புது அச்சுல வார்த்து நானே மாட்டித் தர்றேன்.”

கூட்டம் சலசலத்தது. “ஒரு நூல் பிசகாதுன்னு சொல்வீங்களே மேஸ்திரி, எப்படி இது?” என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் தலை நிமிரவில்லை. ‘என் சம்சாரம்தான்’ என்று சொல்லப்போகிறார். சொன்னால் என்ன, செய்ததுதானே. உருளையை விடாமல் ஓட்டினாள்.

“நூல் இல்லீங்க, ஒரு முழமே பிசகிப்போச்சு” என்றார் அவர். “கல்யாணமான புதுசுல ஒரு பொண்ணு, வண்டி தூண்ல இடிச்சிடுச்சுங்கிறதைக்கூட புருஷன்கிட்ட சொல்லப் பயந்து, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுத் தேய்ச்சு மறைச்சிருக்கா. அப்படி பயப்படுற மாதிரி நான் இருந்திருக்கேன். பிசகு அங்கதான். மட்கார்டுல இல்ல.”

பின்னாலிருந்த ஒரு பெண்மணி, “என் வண்டியில இருக்கிறது அப்படியே இருக்கட்டும் மேஸ்திரி. நான் மாத்தல” என்றார். “நானும் மாத்தல” என்றது இன்னொரு குரல். வாத்தியார் தன் மட்கார்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் கண் நிறைந்து அச்சே தெரியவில்லை. துடைக்கலாமென்றால் இரண்டு கையிலும் ரெசின். அவர் வந்து, நாற்பது பேர் பார்க்க, தோளில் கிடந்த துண்டின் நுனியால் முதலில் ஒரு கண்ணை, பிறகு மற்றொன்றைத் துடைத்தார். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்:

“இப்பவும் பயமா?”

“ஓரத்துல காத்து நிக்குது” என்றாள் அவள். “வாய் பாக்காம அந்தப் பக்கத்தை உருட்டுங்க.”

அவர் இன்னொரு உருளையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.