மிச்சம் வைத்த தட்டு

மெலிந்துபோய் வந்து படுக்கும் நோயாளிகளின் சாப்பாட்டை வார்டுகள் ஒழுங்காகக் கவனிக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுவது அந்த ஆஸ்பத்திரி டயட்டீஷியனின் வேலை. வந்தவுடன் எடை பார்த்தார்களா, சத்தான உணவு எழுதினார்களா, அது கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பாள். அறுவை சிகிச்சை வார்டுதான் எப்போதும் முதலிடம். அந்த வார்டு சிஸ்டருக்குப் பெருமை பிடிபடாது.

அந்த வார்டில்தான் குடல் ஆபரேஷன் முடிந்த லாரி டிரைவர் ஒருவர் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார். எல்லாம் முறைப்படி நடந்தும் எடை இறங்கியது. டயட்டீஷியனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மதியம் சாப்பாட்டு வண்டியின் பின்னாலேயே போய், அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் சூப்பை மட்டும் குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

“ஏன் சார், பிடிக்கலையா?”

“பசிக்கலம்மா,” என்றார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. கண் மட்டும் கோழித்துண்டை விட்டு நகரவில்லை.

“பசிக்காதவர் பார்க்கிற பார்வையா இது? எங்கிட்ட சொல்லுங்க.”

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் துண்டை இறக்கினார். வாய் பொக்கையாக இருந்தது.

“பல்செட்டும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி கழட்டி எங்க வீட்டம்மாகிட்ட குடுத்துட்டாங்க. வீட்ல பத்திரமா இருக்கு.”

“கேட்டிருக்கலாமே?”

“நாலு பேர் முன்னாடி எப்படிம்மா கேக்கறது?”

சாயங்காலம் வந்த மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். “டாக்டர் சொன்னப்புறம் எடுத்துட்டு வரலாம்னு இருந்தேன். நீயாவது வாயத் திறந்து சொல்லக்கூடாதா?”

“திறந்தாத்தான் தெரிஞ்சிடுமே,” என்றார் அவர்.

மறுநாள் கோழித்துண்டு எலும்பாகத் திரும்பியது.

அதோடு விடாமல், தட்டு போனதா என்பதற்குப் பதில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பார்த்தே மதிப்பெண் போட வேண்டும் என்று டயட்டீஷியன் பெரிய டாக்டரிடம் பேசிச் சம்மதம் வாங்கினாள்.

“எங்க மார்க்கு விழுந்துடும்,” என்று சிஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“விழட்டும் சிஸ்டர். யார் பட்டினி கிடக்கறாங்கன்னு தெரிஞ்சிடுமில்ல?”

விழத்தான் செய்தது. கொஞ்ச நாள் டயட்டீஷியன் வந்தாலே சிஸ்டர் வேறு பக்கம் போய்விடுவாள். பிறகு ரோஷம் வந்து, சாப்பாட்டு நேரத்தில் கட்டில் கட்டிலாக நின்றாள். கை நடுங்கியவருக்கு ஊட்ட ஆள் வைத்தாள். சாப்பாட்டு வேளையில் ஸ்கேனுக்குக் கூப்பிட்டால், “சாப்பிட்டப்புறம் அனுப்பறேன்,” என்று திருப்பி அனுப்பினாள்.

வீட்டுக்குப் போகுமுன் டிரைவர் எடை மெஷினில் ஏறினார். முள் நகர்ந்ததை முதலில் பார்த்தது சிஸ்டர்தான். “எடை ஏறிடுச்சு சார்,” என்றாள் டயட்டீஷியனைப் பார்த்துக்கொண்டே.

டிரைவர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.