உண்டா, இல்லையா

சங்கரபாண்டி வாத்தியாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம். எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பது அந்தக் கொஞ்சத்தில் ஒன்று. சிலந்திக்கு எத்தனை கால், ஒட்டகம் எத்தனை நாள் தண்ணீர் குடிக்காமல் தாங்கும், சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். சங்கரன்கோவிலில் முடி வெட்டிக்கொள்ளப் போனவர்கள், கடைக்குள்ளே அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று திரும்பிப் போனதும் உண்டு.

ஆனாலும் அவர் சொன்னது தப்பு என்று இதுவரை யாரும் மடக்கியதில்லை. அந்தக் கர்வம் அவருக்குத் தலைக்கு மேலே இருந்தது. சோற்றில் உப்பு இல்லையென்றால்கூடப் பொறுத்துக்கொள்வார். சொன்ன பதிலைப் பொய் என்றால் பொறுக்கமாட்டார்.

அவர் தங்கை இசக்கித்தாய்க்கு அந்த ஐம்பத்தாறாம் வருஷம் ஆனியில்தான் ஒரு இடம் குதிர்ந்தது. அப்பா போனபிறகு வந்த இடமெல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிக்கொண்டே போய், இனிமேல் யார் வரப்போகிறார்கள் என்று தாய் பார்வதியம்மாள் வாய்விட்டே சொல்லத் தொடங்கியிருந்த நேரம். பனவடலிசத்திரத்துக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை செல்லச்சாமிக்குப் பருத்திக் காடும் கிணறும் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று காப்பி டம்ளரைக் கைமாற்றும்போது வேட்டியில் கொட்டிக்கொண்டு, யாரும் சிரிக்கும் முன்னால் அவனே சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பேரை எடுத்தாலே இசக்கித்தாய் அடுப்படிக்குள் போய்விடுவாள். போனவள் அங்கே ஒரு வேலையும் செய்வதில்லை என்பது சங்கரபாண்டிக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் தாய் முத்துமாரியம்மாளும் தங்கமான மனுஷியாகத்தான் தெரிந்தாள். "சாதகம் கீதகமெல்லாம் எதுக்கு மதினி? பேர்ப் பொருத்தம் பாத்தாப் போதும்" என்று அவளே சொல்லி, பேரை வைத்துப் பொருத்தம் பார்த்து, பூவும் வைத்துவிட்டுப் போனாள். ஆடி கழியட்டும், ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று பேச்சு.

அந்த ஆடியில்தான் வாத்தியார் வாயைத் திறந்தார்.

ஆடித்தபசு அன்று சுற்றுவட்டாரமே ஊருக்குள் இருந்தது. சாமி காட்சி கொடுக்க இன்னும் நேரம் இருந்ததால், வாசகசாலைக்காரர்கள் போட்ட பந்தலில் நிழலுக்கு ஒதுங்கிய கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. போஸ்ட்மாஸ்டர் ஏசுவடியான் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்று 'உண்டா இல்லையா' என்று ஒரு பொது அறிவுப் போட்டி நடத்தினார். அவர் ஒன்றின் பேரைச் சொல்வார். அப்படி ஒன்று உலகத்தில் உண்டா, இல்லையா என்று மேடையேறியவர் சொல்லி, காரணமும் சொல்ல வேண்டும்.

"யாளி?"

"இல்லை. கல்லிலே மட்டும் உண்டு" என்றார் சங்கரபாண்டி. கூட்டம் சிரித்தது.

"வல்கன் என்கிற கிரகம்?"

"இல்லை. புதனுக்கும் சூரியனுக்கும் நடுவிலே அப்படி ஒன்று சுற்றுகிறது என்று பெரிய பெரிய வானசாஸ்திரிகளே தேடினார்கள். சிலர் பார்த்துவிட்டேன் என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் அப்படி ஒரு கிரகமே கிடையாது என்று ஆகிவிட்டது."

"ராகு, கேது?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. கோயிலும் பாம்புப் புற்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில், கொஞ்சம் விவரமுள்ளவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கீழே இறங்கியிருப்பார். நம் வாத்தியார் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இல்லை. சூரியன் போகிற பாதையும் சந்திரன் போகிற பாதையும் ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு இடம், அவ்வளவுதான். இரண்டு வண்டிப்பாதை சந்திக்கிற முக்கு மாதிரி. முக்குக்குப் பேர் உண்டு. முக்கில் ஆள் கிடையாது."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"நட்சத்திரத்துக்குச் சாவு?" என்றார் ஏசுவடியான்.

"உண்டு!" என்றார் சங்கரபாண்டி. வாயு திரண்டு நட்சத்திரம் பிறப்பதையும், கோடிக்கணக்கான வருஷம் எரிவதையும், உள்ளே இருக்கும் சரக்குத் தீர்ந்ததும் வீங்கிச் சிவந்து கிழடாவதையும், சில வெடித்துச் சிதறுவதையும், சில சுருங்கி அவிந்து போவதையும் மூச்சு விடாமல் சொன்னார். "மார்கழியிலே அண்ணாந்து பாருங்கள், திருவாதிரை சிவப்பாகத் தெரியும். அது கிழட்டு நட்சத்திரம். நாம் பார்க்கிற வெளிச்சம் நம் பாட்டன் பூட்டன் காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. இன்றைக்கு அது இருக்கிறதோ செத்துப்போனதோ, யார் கண்டது? எங்கள் வீட்டில் என் தங்கை நட்சத்திரமே அதுதான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பரிசாக ஒரு பேனா கிடைத்தது. அதை வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மூன்றாவது வரிசையில் கருத்தப்பாண்டியைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அவர் கை தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலைவிட்டு வெளியே போனார்.

இரண்டு நாள் கழித்துப் பனவடலிசத்திரத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள்: நாளைக் காலையில் மாப்பிள்ளையின் தாயும் மாமனும் பேச வருகிறார்கள்.

அதைக் கேட்டதும் பார்வதியம்மாள் மகனைத் தேடிக்கொண்டு வந்தாள். ஆடி மாதத்தில் சம்பந்தம் பேச யாரும் படியேறமாட்டார்கள். ஆடியில் வருகிறவர்கள் முறிக்கத்தான் வருவார்கள். இது அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"கெடுத்திட்டியேலே பாவி! செத்த நச்சத்திரத்துல பொறந்தவளை எவன் கெட்டுவான்? ஊரு முன்னால நின்னு ஒந் தங்கச்சி பேரையா இழுக்கணும்? ஒனக்கு நாக்கா, இல்ல வேற எதுவுமா அது?"

"பேரைச் சொல்லலைம்மா. நட்சத்திரத்தைத்தான் சொன்னேன்."

"வாயை மூடுலே."

இசக்கித்தாய் அண்ணனுக்கு எப்போதும்போலச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எப்போதும்போல மறு சோறு வேண்டுமா என்றும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு அந்தச் சோறு இறங்கியிருக்கும். தான் எவ்வளவு பெரிய மடையன் என்று சங்கரபாண்டிக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அன்று விளங்கியது. நட்சத்திரம் எப்படிச் சாகும் என்று தெரிந்துவைத்திருந்தவருக்கு, சொந்தத் தங்கையின் கல்யாணம் எப்படிச் சாகும் என்று தெரியாமல் போய்விட்டது.

"நாளைக்கு அவுக வந்ததும் சொல்லிரு" என்றாள் தாய், கொஞ்சம் இறங்கிவந்து. "அன்னைக்கு மேடையில சொன்னது அம்புட்டும் பொய்யின்னு சொல்லிரு. பரிசுக்காக அளந்தேன்னு சொல்லு."

எல்லாம் பொய் என்று அவர் வாயால் சொல்வதா? ஆனால் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "சரிம்மா, சொல்லுதேன்" என்றார்.

மறுநாள் அவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வந்தார்கள். கையில் பூ இல்லை, பழம் இல்லை. பார்வதியம்மாள் அதைத்தான் முதலில் பார்த்தாள். பாய் விரித்து, காப்பியும் காராச்சேவும் வைத்து, மழை இல்லாததைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் நாலு வார்த்தை ஆனபிறகு, முத்துமாரியம்மாள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"மருமகனே" என்று அவளே ஆரம்பித்தாள். "தபசன்னைக்கு மேடையில நீங்க ஒரு விசயம் சொன்னீகளாம். தம்பி வந்து சொன்னான்…"

"அத்தை, நானே சொல்லிருதேன்" என்று சங்கரபாண்டி குறுக்கே பாய்ந்தார். இதற்காகவே காலையிலிருந்து மனப்பாடம் பண்ணியிருந்தார். "அன்னைக்குச் சொன்னது அத்தனையும் பொய். பரிசுக்காக வாய்க்கு வந்ததை அளந்தேன். நச்சத்திரத்துக்குச் சாவே கெடையாது. திருவாதிரை கல்லு மாதிரி இருக்கு. ராகு உண்டு, கேது உண்டு, எல்லாம் உண்டு. எதையும் மனசுல வச்சுக்கிடாதீக."

சொல்லிவிட்டு மூச்சு விட்டார். தாய் முகத்தில் தெம்பு வந்தது.

முத்துமாரியம்மாள் முகத்திலோ இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பம் ராகு உண்டா?" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

கருத்தப்பாண்டிதான் பேசினார். "இனிமே மறைச்சு என்ன செய்ய? எங்க செல்லச்சாமி சாதகத்துல ஏழுல ராகு. பொண்டாட்டிக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கு. அதைக் காட்டுன எடமெல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாக. அதனாலதான் உங்ககிட்ட பேர்ப் பொருத்தம்னு சொல்லி மூடிட்டோம். அன்னையிலருந்து அக்காளுக்குத் தூக்கம் கெடையாது. ஒரு பிள்ளைக்குத் துரோகம் பண்ணுதோமேன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தா. அன்னைக்கு நீரு மேடையில ராகுவே கெடையாதுன்னு சொன்னதைக் கேட்டேன். ஓடிப்போய் இவகிட்ட சொன்னேன். பொண்ணோட அண்ணனே சொல்லிட்டாரு, படிச்சவரு, தப்பாச் சொல்லமாட்டாருன்னு இவ அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டா. ஆடின்னும் பாக்காம வந்தது, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேக்கவும், அந்த வார்த்தையை உம்ம வாயால இன்னொரு தடவை கேக்கவுந்தான்."

முத்துமாரியம்மாள் எழுந்தாள். "வாடா தம்பி, போவோம். தெரிஞ்சே ஒரு பிள்ளையை நான் கொண்டுபோக மாட்டேன்."

அப்போது அடுப்படிக் கதவு திறந்தது. இசக்கித்தாய் வெளியே வந்து வழியில் நின்றுகொண்டாள்.

"அத்தை, கொஞ்சம் இருங்க. அண்ணன் அன்னைக்குச் சொன்னதுதான் நிசம். இன்னைக்குச் சொன்னதுதான் பொய். எனக்காவச் சொன்ன பொய். உங்க வீட்டுல ராகு இல்ல. கெழட்டு நச்சத்திரம் எங்க வீட்டுலதான் இருக்கு. அதுக்கு நீங்க சம்மதிச்சா, எனக்கும் சம்மதம்."

நாலு பெரியவர்கள் இருந்த இடத்தில் அந்தப் பெண் அவ்வளவு பேசியதை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. சங்கரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் இப்போது பார்வதியம்மாள் எழுந்து நின்றாள். ஏழில் ராகு என்ற வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டதே. அவள் சம்பந்தியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. மகனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏலே, எம் முகத்தைப் பாத்துச் சொல்லு. ஒந் தங்கச்சி உயிரு. ராகு உண்டா, இல்லையா?"

மேடையில் இதே கேள்விக்கு அவர் கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொன்னார். பந்தல் முழுக்க ஆள் இருந்தும் அன்று நாக்கு நடுங்கவில்லை. இன்று எதிரே நிற்பது ஒரே ஒரு கிழவி, அவருக்கு வேர்த்துக் கொட்டியது. படித்ததையெல்லாம் மனசுக்குள் ஒரு தடவை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அவள் பயமே இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றார். "சத்தியமா இல்ல. இருந்தா என் தங்கச்சியைக் குடுக்கச் சொல்லுவேனா?"

பார்வதியம்மாள் சம்பந்தியிடம் திரும்பி, "உக்காருங்க மதினி, காப்பி ஆறுது" என்றாள்.

முத்துமாரியம்மாள் உட்காரவில்லை. நேரே போய் இசக்கித்தாயின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். "மார்கழியில பாத்தா உன் நச்சத்திரம் கண்ணுக்குத் தெரியுதுல்லா? அப்பம் இருக்குன்னுதானே அர்த்தம்! கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்குப் பயந்து நான் இத்தனை வருசம் சீரழிஞ்சேனே மக்கா!"

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி எடுத்தது. கருத்தப்பாண்டி காராச்சேவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சங்கரபாண்டிக்கு நெஞ்சிலிருந்த பாரம் மொத்தமும் இறங்கி, உடம்பே லேசாகிவிட்டது. தான் நேற்றிலிருந்து சரியாக மூச்சுக்கூட விடவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

காப்பியைக் குடித்து முடித்ததும் முத்துமாரியம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். "மதினி, இம்புட்டு தூரம் வந்திருக்கோம். கோயிலுக்குப் போய் புத்துக்கு ஒரு சொம்பு பாலு ஊத்திட்டு வந்திருவமா? ராகு இல்லைன்னு ஆயிட்டுல்லா, அதுக்கு நன்றி சொல்லணுமே."

"நானும் அதைத்தான் நெனைச்சேன் மதினி" என்று பார்வதியம்மாள் பால் சொம்பை எடுத்தாள்.

வாத்தியார் வாயைத் திறந்தார். எதிரே இசக்கித்தாய் நின்றாள். ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து, அம்மாவின் கையிலிருந்த சொம்பைத் தான் வாங்கிக்கொண்டு, "நடங்க, வெயில் ஏறதுக்குள்ள போயிருவோம்" என்று முன்னால் நடந்தார்.