ஓட்டுவது யார்?

ஸமீஹாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அறுவடை மிஷினை வாடகைக்குப் பிடிக்க அவள் உருவாக்கிய செயலியை நாலாயிரம் விவசாயிகள் போனில் ஏற்றியிருந்தார்கள். மிஷின், தேதி, நேரம் எல்லாம் தேர்ந்தெடுத்து, கடைசித் திரைவரை வந்து, ‘உறுதி செய்’ பொத்தானைத் தொடாமல் ஓடிப்போனார்கள். பதிவு செய்தவர்கள் வெறும் பதினோரு பேர்.

முதல் போட்ட ஆவுடைநாயகம் அண்ணாச்சி பாளையங்கோட்டை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “கலரை மாத்து, கூப்பன் குடு. பிசான நெல் அறுப்பு முடியுததுக்குள்ள ஓடலைன்னா இழுத்து மூடிருவேன்.” இரண்டு வருட உழைப்பு! மூடுவாராமே, மூடுவார்!

“கூப்பன் இருக்கட்டும் அண்ணாச்சி. ஏன் ஓடுதாங்கன்னு பாத்துட்டு வாரேன்,” என்று அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே குமரகுருபரன் என்ற விவசாயியின் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றாள். யூசரிடம் கேள்வி கேட்டால் நம் மனம் நோகாத பதிலைத்தான் சொல்வார். அவர் விரலைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அவர் மிஷினைத் தேடினார், தேதி போட்டார், கடைசித் திரை வந்ததும் செயலியை மூடிவிட்டு மிஷின் டிரைவருக்குப் போன் போட்டார். “எஸ்றா, வியாழக்கிழமை நீதான ஓட்டுதே?”

“ஏன் சார் மூடிட்டீய?”

“மிஷின் எதுவா இருந்தா என்னம்மா? ஓட்டுதது யாருன்னு போடலையே. இது சேத்து வயல்லா. பழகாதவன் இறக்கினா வரப்பை உடைச்சிட்டுல்லா போவான்!”

யா அல்லாஹ்! ஸமீஹா தலையில் அடித்துக்கொண்டாள். மிஷினின் குதிரைத்திறன் வரை போட்டவள், ஆளைப் போடவில்லை.

அன்றே மற்ற ஃபீச்சர்களையெல்லாம் ஓரங்கட்டினாள். டிரைவரின் படம், பெயர், அறுத்த ஊர்கள், அவரோடு பேச ஒரு பொத்தான். அவ்வளவுதான். முதலில் அம்பாசமுத்திரத்துக்கு மட்டும் விட்டுப் பார்த்தாள். மூன்றே நாளில் இருநூறு பதிவு! ஆழ்வார்குறிச்சிக்கும் திறந்துவிட்டாள். வாரம் முடிவதற்குள் தொள்ளாயிரம். சந்தோஷத்தில் அலுவலகமே அதிரக் கத்தினாள்.

ஒன்பதாம் நாள் அண்ணாச்சி கூப்பிட்டார். “எம்மா, நம்ம வயலும் முத்தி நிக்கி. நாளைக்கு எஸ்றாவை அனுப்பிரு.”

“ஆப்புல பாருங்க அண்ணாச்சி.”

“நாலு நாளைக்கு இடமில்லன்னு காட்டுதே! நான் மொதலாளில்லா?”

“மொதலாளிக்குன்னு தனிப் பொத்தான் வைக்கலியே அண்ணாச்சி. வரிசையில வாங்க.”

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு.

“சரிம்மா, அஞ்சாம் நாளுக்குப் போட்டுட்டேன். அடுத்த கார் நெல் அறுப்புக்கும் அவனை இப்பவே பதிஞ்சுக்கிடலாமா?”