பன்னிரண்டு பேருக்கும் ஒரே பேட்ஜ்

மெக்கானிக் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மகள் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திக்கொண்டு, அலமாரிக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் இளைஞர் மையத்தில் விழா. முதலுதவிப் பயிற்சியில் இரண்டாம் நிலை தேறியவர்களுக்குக் கொடுத்த பேட்ஜ் அது.

மெக்கானிக் விழாவுக்குப் போகவில்லை. போய்விட்டு வந்த பெயிண்டர், அவர் வேலை செய்யும் பட்டறையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தான்: "உங்க பொண்ணுக்கு மட்டுமா? பன்னெண்டு பேருக்கும் அதே பேட்ஜ்தான். பஸ் டிக்கெட் மாதிரி ஆளுக்கொண்ணு கிழிச்சுக் குடுத்தாங்க." பட்டறையே சிரித்தது. அந்தச் சிரிப்பை வயிற்றில் சுமந்துகொண்டுதான் அவர் வந்திருந்தார்.

"எத்தனாவதா வந்தே?"

"இதுல எத்தனாவதுன்னு கிடையாதுப்பா. பத்து வேலை குடுப்பாங்க. பத்தையும் சரியா செஞ்சா தேறிட்டோம். போன தடவை எனக்கு ஒண்ணு தப்பிப் போச்சு. இந்தத் தடவை..."

"போன தடவை ஃபெயிலா?"

கன்னத்தில் அறை விழுந்தது. அவள் சுவரில் மோதித் திரும்புவதற்குள் அடுத்தது. உதடு கிழிந்தது. பேட்ஜைப் பிடித்து இழுத்த வேகத்தில் சட்டையும் கிழிந்தது. ஜன்னல் வழியே பேட்ஜை வீசிவிட்டு, இடுப்பு பெல்ட்டை உருவினார். முதுகில் மூன்று அடி. நான்காவது அடிக்குக் கை ஓங்கியபோது மனைவி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள்.

"விடுங்க! செத்துடப் போறா!"

"தள்ளுடி!"

பிடித்துத் தள்ளினார். அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. மனைவி கீழே சரிந்தாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து, ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியது.

மெக்கானிக்கின் கையிலிருந்து பெல்ட் நழுவியது. எஞ்சினையே கழற்றி மாட்டுகிற மனிதர் மரம் மாதிரி நின்றார்.

மகள்தான் தவழ்ந்து வந்தாள். காயத்துக்குள் கண்ணாடிச் சில்லு இருக்கிறதா என்று பார்த்தாள்; இல்லை. கொடியில் கிடந்த துண்டை மடித்து வைத்து, உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டு அழுத்தினாள். அவள் உதட்டு ரத்தம் அம்மாவின் கையில் சொட்டியது.

"அம்மா, என்னையே பாரு. கண்ணை மூடாதே. அப்பா! ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. போட்டுட்டு அந்தக் கையைத் தூக்கிப் பிடிங்க."

அவர் சொன்னபடி செய்தார். துண்டு நனைந்தபோது அவள் அதை எடுக்கவில்லை. அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தினாள். வண்டி வரும்வரை அவள் கை தளரவேயில்லை.

மருத்துவமனையில் தையல் போட்டு முடித்த டாக்டர் வெளியே வந்தார். "யார் அழுத்திப் பிடிச்சது? சரியா அழுத்தலேன்னா ஆளே மிஞ்சியிருக்க மாட்டாங்க." பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்.

பெண் போலீஸ் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். "எப்படி ஆச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள் மனைவி.

"இல்ல. அப்பா தள்ளினாங்க," என்றாள் மகள்.

மெக்கானிக் காய்ந்த ரத்தம் ஒட்டிய தன் கைகளைப் பார்த்தார்.

"அவ சொல்றதுதான் நெசம். பொண்டாட்டியைத் தள்ளினதும் நான்தான், பொண்ணை அடிச்சதும் நான்தான். எழுதிக்கோங்க. பத்து வேலையும் கத்துக்கிட்டேன்னு வந்து நின்னா. என்ன கத்துக்கிட்டேன்னு நான் கேக்கலே மேடம், யாரை முந்தினேன்னு கேட்டேன். பிள்ளைங்க எட்ட வேண்டிய அளவை எட்டிட்டாங்கன்னா, கூட நூறு பேர் எட்டியிருந்தாலும் அது பெருமைதான். பெத்தவன் அதுக்குக் கை தட்டணும். நான் கை நீட்டிட்டேன்."

பெண் போலீஸ் எழுதி முடித்துத் தாளை நீட்டினாள். "இதை முன்னாடியே நினைச்சிருந்தா இங்க வந்திருக்க வேண்டியதில்ல. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். மகள் அம்மாவின் விரல்களைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கம் அவள் திரும்பவே இல்லை.