ஆணியில் இருந்த கோட்டு

என் கண்காட்சியின் திறப்பு விழாவுக்குக் கொஞ்ச நேரம் முன்புதான் பார்த்தேன். என் தம்பி க்ளெபின் கோட்டைக் காணோம். சுவரில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அதன் கீழே நான் எழுதிய அட்டை அப்படியே இருந்தது: "கொடுத்தவர் இன்னும் திரும்ப வாங்க வரவில்லை."

ரஷ்யாவில் எங்கள் பெர்ம் நகரத்தில் என்னைக் கருத்துக் கலைஞர் என்பார்கள். வேறு வேலை இல்லாதவள் என்றும் சொல்வார்கள். ஊறுகாய் ஜாடி, கழற்றிப் போட்ட கதவு மணி என்று எதையாவது சுவரில் மாட்டிப் பெயர் வைப்பேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இந்தக் கோட்டு அப்படியல்ல. பட்டாளத்துக்குப் போகும்போது, "அங்க அவங்களே குடுப்பாங்க" என்று க்ளெப் வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனது. போரிலிருந்து அவன் உடலை வைத்து மூடிய துத்தநாகப் பெட்டிதான் வந்தது. திறக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மாவுக்கு மிஞ்சியது இந்தக் கோட்டு ஒன்றுதான். தரவே மாட்டேன் என்று குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டாள். "நாலு பேர் அவனப் பாக்கட்டும்மா" என்று கெஞ்சித்தான் வாங்கி வந்தேன்.

அருங்காட்சியக இயக்குநர் ரோதியோன் அர்காதியெவிச் தன் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டு எங்க?"

"கத்தாத தைசியா. போரப் பத்தி எதுவும் வேணாம்னு மேலேருந்து போன் வந்துச்சு, நான் என்ன பண்ண? பத்திரமாத்தான் இருக்கு."

"அப்ப அந்த அட்டையையும் எடுத்துத் தொலைங்க."

"ஏன், இருக்கட்டுமே! வெறும் ஆணி. உன் பாணிதானே அது? முன்னவிட இப்பத்தான் நல்லா இருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயந்து எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். திருடியதற்கு என் பெயரையே போட்டு, அதையும் கலை என்கிறாரே இந்த மனிதர்!

மண்டபம் நிறைந்தது. ஆணியின் முன்னால்தான் பெரிய கூட்டம். தாடிக்கார விமர்சகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லாமலே சொல்லிட்டாங்க! என்ன துணிச்சல்!" என்றார்.

"துணிச்சலுமில்ல, மண்ணுமில்ல!" என்று கத்தினேன். "இங்க என் தம்பி கோட்டு இருந்துச்சு. எடுத்துட்டாங்கய்யா!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பெண் செல்போனில் படம் பிடித்தபடி, "நடிப்பு இல்ல, வாழறாங்க" என்றாள். கத்தக் கத்தக் கை தட்டினார்கள். இத்தனை வருடம் செய்த வேலையெல்லாம் எனக்கு வெறும் கேலிக்கூத்தாகத் தெரிந்தது.

அப்போதுதான் வாசலில் அம்மா தெரிந்தாள். கீழே, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைக்கும் இடத்தில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்கப் போனவள், விருந்தாளிகளின் கோட்டுகளுக்கு நடுவே க்ளெபின் கோட்டைப் பார்த்திருக்கிறாள். முழங்கையில் தான் தைத்த ஒட்டு அவளுக்குத் தெரியாதா? அதை வாங்கிப் போட்டுக்கொண்டே மேலே ஏறிவிட்டாள். கை விரல்கள்கூட வெளியே தெரியவில்லை. கோட்டுகளை வாங்கி வைக்கும் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அம்மா, கோட்டோட உள்ள போகக் கூடாதும்மா! யாரா இருந்தாலும் கழட்டிக் குடுத்துரணும்!"

அம்மா நேராகப் போய் அந்த ஆணிக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றாள். இயக்குநர் குழைந்துகொண்டே வந்தார்.

"கழட்டிருங்கம்மா. இங்க விதிமுறை அப்படி."

"நீயே கழட்டிக்கோ."

காலர் பொத்தான் வரை நீண்ட அவர் கை அப்படியே திரும்பியது. பின்வரிசையில் யாரோ மறுபடியும் கை தட்ட ஆரம்பித்தார்கள்.

"எதுக்குடா தட்டுறீங்க?" என்றாள் அம்மா. "எம்புள்ள செத்துட்டான்."

கை தட்டல் நின்றது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இவங்களுக்குக் காட்டவாடி அப்படிக் கெஞ்சுன?"

கோட்டோடு அப்படியே வெளியே நடந்தாள். அட்டையைப் பிய்த்தெடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். யாரும் கை தட்டவில்லை.