பூரணி தண்ணீர் ஊற்றாமல் இருக்க வேண்டும்

1

இந்தக் கதை ஒரு நாற்றத்திலிருந்து வந்தது. ஒரு சட்டியைக் கவிழ்த்தபோது அடித்த நாற்றம்; அடைத்துக்கொண்ட சாக்கடைக் கானில் வருமே, அது. நான் பக்கத்தில் இருந்தேன். எவ்வளவு பக்கத்தில் என்று கேட்காதீர்கள். கதையில் வரும் பெண்ணுக்குப் பூரணி என்று பெயர் வைத்து, என்னைவிட உயரமாக்கிவிட்டேன்.

முதல் தொடக்கம்: மூடுபனி இறங்கிய அந்தக் காலையில் பூரணி

வேண்டாம். பனியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அழகுக்காக அல்ல.

இரண்டாவது தொடக்கம்: மலைநாட்டில் கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா இப்போது சுற்றுலாக்காரர் தங்கும் இடம். அதன் கண்ணாடி அறையில் ஸ்ட்ரோபரிச் சட்டிகள். கடை உரமோ மருந்தோ படாதவை. விருந்தாளிகள் கையால் பறித்துத் தின்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பூரணிக்கு அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன.

இதிலிருந்தே போகிறேன்.

2

செடி செத்தால் வேலை போகும். வேலை போனால் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு நிற்க வேண்டும். வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர், பூரணி குடியிருக்கும் லயத்துக்கு வந்து, அம்மாவிடம் பேசி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து லயத்து நிஷாந்தி அப்படித்தான் போனாள். அவளுடைய போன் இப்போது

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. போன் அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அவ்வளவுதான் தெரியும்.)

3

பங்களாவை நடத்தும் மேடத்தைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் கத்துவதே இல்லை. "இலை மஞ்சளா இருக்கே, சத்து பத்தலபோல. மீன் கரைசல்* இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று மெதுவாகத்தான் சொல்வார். பூரணி ஊற்றினாள். மஞ்சள் கூடியது.

(* மீன் கழிவும் சீனியும் சேர்த்துப் புளிக்கவைத்தது. நல்ல சத்து. மூடியைத் திறந்தால் விருந்தாளிகள் அறை மாறிவிடுவார்கள்.)

எரு மூட்டை கொண்டுவரும் ஃபாஸில் நானாதான் (நானா என்றால் அண்ணன்) சட்டியைக் கவிழ்த்தார்.

"என்னா தங்கச்சி, ஸ்ட்ரோபரிக்கு நீச்சல் பழக்குறீங்களா?"

"மேடம் சத்து பத்தலன்னாங்க நானா."

"சத்து எப்புடி ஏறும்? வேர பாருங்க." பழுப்பாக இருந்தது. இழுத்தால் தோல் உருவி வந்தது. "வெள்ளையா இருக்கணும் இது. மூச்சு முட்டிக் கெடக்கிறவனுக்கு பிரியாணி ஊட்டுறீங்க நீங்க."

"இப்ப என்னா செய்யிறது?"

"அழுகுன வேர வெட்டுங்க, மண்ண மாத்துங்க, அடித் தட்டுல நிக்கிற தண்ணிய கொட்டுங்க. பொறகு வெரல விட்டுப் பாத்து, உள்ளுக்கு காஞ்சா மட்டும் ஊத்துங்க. இந்தப் பனியில லேசுல காயாது. புது வேர் வர்ற வரைக்கும் கரைசலும் வேணாம். சும்மா இருங்க."

"சும்மாவா?"

"சும்மாதான். அதுக்கு என்னா பயம்?"

4

அந்தப் பயம் நானாவுக்குத் தெரியாது. கொழுந்து பறிக்கும் மலையில் கங்காணி வரும் சத்தம் கேட்டால், கொழுந்தே இல்லாத தேயிலை வாதுகளைக்கூட அம்மா தடவிக்கொண்டிருப்பாள். கை நின்றால் பேச்சு விழும். பூரணிக்கும் அதே கை. மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாளியை எடுத்தாள், ஊற்றினாள். செடியின் தாகத்தைப் பார்த்து அவள் ஒரு தடவையும் ஊற்றியதில்லை.

5

வேர் வெட்டி, மண் மாற்றியாயிற்று. உள்ளே ஈரம் இருக்கிறது. இனி ஒரு வாளி தண்ணீர் விழுந்தாலும் செடி பிழைக்காது. படியில் செருப்புச் சத்தம்.

ஒரு முடிவு: "மண்ணு காயணும் மேடம், அதான் சும்மா இருக்கேன்" என்கிறாள். (கோடு போட்டு அடித்துவிட்டேன். அவளால் அவ்வளவு நீளமாகப் பேச முடியாது.)

இன்னொன்று: வாளியை நான் ஒளித்துவைக்கிறேன். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள்.

வாளியைத் திருப்பி வைத்தேன். மேடத்தைப் பாதிப் படியிலேயே திருப்பி அனுப்பினேன். கதை என்னுடையது, அனுப்பலாம். சத்தம் தேய்ந்து போயிற்று. அப்போதும் பூரணியின் கை வாளியில்தான் இருக்கிறது. ஏனென்று பார்த்தேன். அறையில் இன்னும் யாரோ நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள்.

நான் பேனாவை மூடுகிறேன். நீங்களும் தயவுசெய்து கண்ணை எடுத்துவிடுங்கள். செடி பிழைத்ததா, அவள் கொழும்புக்குப் போனாளா என்று எட்டிப் பார்க்க வேண்டாம். நீங்கள் பார்த்தால் அவள் ஊற்றிவிடுவாள்.